நயினார் வேனுக்குப் பின்னால் வந்த படகு

"நிறுத்தாத துரைக்கண்ணு! பாக்காத மாதிரி போயிட்டே இரு!"

ஜீவரத்தினம் நயினார் சொன்னது சரியான யோசனைதான். ஆனால் திண்டிவனம் சாலையின் நட்டநடுவில் கையை நீட்டிக்கொண்டு நின்ற ஆள் டவாலி போட்டிருந்தான். தோளிலிருந்து இடுப்புக்குச் சிவப்புப் பட்டை, அதில் வெயில் பட்டுப் பளபளக்கும் பித்தளை வில்லை. செஞ்சியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் நயினார் வியாபாரத்தில் எவனுக்கும் மசியாதவர். சர்க்கார் வில்லையைக் கண்டால் மட்டும் அவர் கை தானாகக் குவிந்துவிடும்.

"நிறுத்துடா, நிறுத்துடா" என்றார்.

சொன்னவுடன் நிற்கிற வேன் அல்ல அது. புதுச்சேரியைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் நயினார் வாங்கிய பழைய தகர வேன். அதில் எல்லாமே ஏறுமாறு. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. டிரைவர் துரைக்கண்ணு இடது பக்கம் உட்கார்ந்து ஓட்ட, நயினார் வலது ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை வெளியே காட்டியபடி வருவார். செஞ்சிக் கடைத்தெருவில் அந்த ஜன்னலில் நயினார் முகம் தெரியாமல் அந்த வேன் போனதே கிடையாது. போகிறவன் வருகிறவனெல்லாம் கும்பிடு போடுவான், அவரும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார்.

வேன் ஒருவழியாக நின்றது. டவாலிக்காரன் ஜன்னலருகே வந்தான்.

"செஞ்சிக்குத்தான போறீங்க? இதக் கொஞ்சம் இழுத்துக்கினு போங்க."

"எத?"

சாலையோரம் ஒரு ஜீப் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு செத்துக் கிடந்தது. அதன் பின்னால், இரண்டு சக்கர வண்டி ஒன்றின் மேல், கயிற்றால் வரிந்து கட்டிய ஒரு சின்னப் படகு.

"படகா! செஞ்சியில இன்னாத்துக்குய்யா படகு? கோட்டை மேல ஏத்தப் போறீங்களா?"

"செட்டிகுளத்துல விடணும். புதுசா வந்துருக்கற ஐயா உத்தரவு. இன்னிக்கே போயாவணும்."

"எந்த ஐயா?"

"ஐயான்னா ஐயாதான். வேன் நம்பரு இன்னா? எழுதிக்கட்டுமா?"

கலெக்டர்தான் குளத்தில் படகு விட்டு விளையாட ஆசைப்படுகிறார் போலும் என்று நயினாரே நினைத்துக்கொண்டார். கலெக்டர் ஆசைக்குக் குறுக்கே நின்று வாழ்ந்தவன் உண்டா?

"நம்பரெல்லாம் எதுக்குங்க? கட்டுங்க, கட்டுங்க" என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் இதில் ஒன்றும் குடி முழுகியிருக்காது. இன்றைக்கு அவர் மகள் சந்தனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். போன தடவை வந்த இடம், அடுக்களையில் ஒரு வெங்காயத் தோல் கிடந்தது என்று எழுந்து போய்விட்டது. சுத்த ஜைன வீட்டில் வெங்காயமா! பக்கத்து வீட்டிலிருந்து காற்றில் பறந்து வந்த தோல் என்று நயினார் மனைவி விஜயா சத்தியம் செய்தும் அவர்கள் நம்பவில்லை. சந்தனா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கத் தன்னால் ஆகாது என்று நயினார் பயந்து போயிருந்தார்.

இந்த இடம் அதைவிடப் பெரிய இடம். பொன்னூர்ப் பக்கம். பையனுக்குச் சர்க்கார் உத்தியோகம். "என்ன இலாகா?" என்று நயினார் கேட்டதற்கு, "ஏரி, குளமெல்லாம் அவரு கையிலதான்" என்றார் தரகர். அப்படியென்றால் பொதுப்பணித் துறைதான் என்று நயினார் முடிவு கட்டி, எஞ்சினீயர் மாப்பிள்ளை என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

வருகிறவர்களுக்குப் பொழுது சாய்வதற்குள் பலகாரம் கொடுத்துவிட வேண்டும். இருட்டிவிட்டால் ஜைனர்கள் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் இல்லாமல் சம்பந்திகள் இலையில் உட்காரவும் மாட்டார்கள். வேனுக்குள் ஒரு கூடை மல்லிகைப்பூ, கட்டுக்கட்டாய் ஊதுவத்தி, தலைவாழை இலைகள், பழம், சம்பந்திக்கு வைத்துக் கொடுக்கப் புது வேட்டி எல்லாம் இருந்தன. செஞ்சிக் கடைச் சாமான் போதாதென்று திண்டிவனம் போனதுதான் அவர் செய்த தப்பு.

படகைக் கட்டி வேன் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் காற்று திரும்பியது. நயினார் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாடா இது நாத்தம்?"

"மரக்காணத்து மீன் படகு மொதலாளி. வருசக்கணக்கா மீன் அள்ளுன மரம், சும்மா போவுமா?" துரைக்கண்ணு ஆழமாக மூச்சை இழுத்தான். "நெத்திலிதான் ஜாஸ்தி. நடுவுல கொஞ்சம் சுறாவும் இருக்குது."

"உன்ன கேட்டனா?"

"பசி எடுக்குது மொதலாளி."

வெங்காயத் தோலுக்கே எழுந்து போனார்கள். மீன் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு ஜைனன் ஒருவன் கடைத்தெரு வழியாகப் போனால், நயினார் மல்லாட்டையை விட்டுவிட்டுக் கருவாட்டு வியாபாரத்தில் இறங்கிவிட்டார் என்று பொழுது சாய்வதற்குள் பொன்னூர் வரைக்கும் பேச்சுப் போய்விடும்.

"நிறுத்துடா!"

இறங்கிப் போய்ப் பார்த்தார். டவாலிக்காரன் படகுக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் பாவாடை என்பதை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஏம்பா பாவாடை, உள்ள வந்து உக்காரக் கூடாதா?"

"சர்க்கார் சொத்துங்க. கண்ண எடுக்கக் கூடாது."

"சரி, மூக்க எடுத்துட்டியா? எப்படிய்யா உக்காந்திருக்க?"

நயினார் ஊதுவத்திக் கட்டைப் பிரித்தார். படகின் மூக்கில் இருந்த இடுக்கிலெல்லாம் செருகிக் கொளுத்தினார். புகை எழுந்தது. ஊதுவத்தி வாடையும் மீன் வாடையும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை கிளம்பியது. அது முந்தின இரண்டையும்விட மோசம்.

வல்லம் தாண்டுவதற்குள் காக்கைகள் சேர்ந்துவிட்டன. மறுபடியும் வேனை நிறுத்தினார். கூடை மல்லிகையையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு படகின் மேல் கொட்டினார். சந்தனா தலைக்கு என்று வாங்கிய பூ. காக்கைகள் பூவுக்கெல்லாம் மசிகிற ஜாதியா? வட்டமிட்டுக்கொண்டே வந்தன.

மூன்றாவது தடவை நிறுத்தியபோது நயினாருக்கு அழுகையே வந்துவிட்டது. சம்பந்திக்கு வாங்கிய வேட்டியை எடுத்து உதறினார்.

"இன்னாங்க பண்றீங்க?" என்றான் பாவாடை.

"மூடப் போறேன். படகு வெளிய தெரியக் கூடாது. நீ எறங்கி வா."

"எறங்க மாட்டேன். மேலயே போத்துங்க. வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும்."

வேட்டி படகின் பக்கங்களையும் சேர்த்து மறைத்தது. சிந்திக் கிடந்த மல்லிகையை அள்ளி அதன் மேல் போட்டார். எட்ட நின்று பார்த்தார், திருப்தியாக இருந்தது.

"இப்ப பாத்து எவனாவது படகுன்னு சொல்லுவானாடா?"

"சத்தியமா சொல்ல மாட்டான் மொதலாளி" என்றான் துரைக்கண்ணு. அவன் ஏன் அப்படி ஒரு மாதிரியாகச் சொன்னான் என்று நயினார் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முந்தின ராத்திரி மரக்காணத்தில் கண் விழித்த பாவாடை, வேட்டி நிழலுக்குள் நீட்டி நிமிர்ந்து படுத்தான். படுத்த மாத்திரத்தில் தூங்கியும் போனான். இரண்டு பாதங்கள் மட்டும் வேட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இது நயினாருக்குத் தெரியாது. அவர் அதற்குள் முன்னால் போய் அடுத்த யோசனையில் இறங்கியிருந்தார்.

"துரைக்கண்ணு, கடைத்தெருவுல நான் இந்த வேன்ல இல்ல. புரிஞ்சுதா? யார் இன்னா கேட்டாலும் வாயத் திறக்காத. தெறந்தே, வேலை போச்சு. நேரா செட்டிகுளத்துக்கு உடு. அவுத்து உட்டுட்டுக் கோட்டைப் பக்கமா சுத்திக்கினு வீட்டுக்குப் போயிடலாம்."

சொல்லிவிட்டு இருக்கையிலிருந்து கீழே இறங்கிக் குந்தி, தலைவாழை இலைக் கட்டை எடுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார்.

கடைத்தெரு தொடங்குகிற இடத்தில் டீக்கடை தனகோட்டி வழக்கம்போலக் கும்பிடு போடக் கையைத் தூக்கினார். ஜன்னலில் ஆள் இல்லை.

"இன்னாடா துரைக்கண்ணு, நயினார் எங்க?"

துரைக்கண்ணு வாயை இறுக்க மூடிக்கொண்டான். வேலை போய்விடுமே என்ற பயத்தில் முகம் சுருங்கியது. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

தனகோட்டி பின்னால் பார்த்தார். ஊதுவத்திப் புகை, வெள்ளைத் துணி, துணிமேல் பூ, துணிக்கு வெளியே இரண்டு கால். அவர் தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது.

"அடப் பாவமே! காலையிலகூட கும்பிட்டனே!"

அவ்வளவுதான். கடைத்தெருவில் கதவுகள் பாதிக்குப் பாதி சாத்தப்பட்டன. தராசைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் இறங்கி வந்தார்கள். வேன் கூட்டத்துக்கு நடுவில் ஊர்ந்தது. அனந்தபுரத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்த மேளக்காரர்கள், யாரும் கூப்பிடாமலேயே முன்னால் வந்து அடிக்க ஆரம்பித்தார்கள். தெரிந்த மனுஷன் போகும்போது சும்மா நிற்கலாமா என்று அவர்களுக்கு.

வாழையிலைக்கு அடியில் நயினார் காதைத் தீட்டினார்.

"யாருடா போயிட்டது?"

துரைக்கண்ணு உதடு அசையாமல், "கேட்டுச் சொல்லட்டுமா மொதலாளி?" என்றான்.

"வேணாம், வேணாம். வாயத் திறக்காத. நல்ல நாளும் அதுவுமா எவனோ குறுக்க சாவறான் பாரு."

வெளியே பேச்சு நன்றாகக் கேட்டது.

"எடை போடும்போது ஒரு வெரல் தராசு மேல இருக்கும். இருந்தாலும் மனுசன் தங்கம்."

"பேச்சுத்தான் கடுசு. மனசு கொழந்த மாதிரி."

"பாடையப் பாத்தியா? படகு மாதிரியே கட்டியிருக்காங்க. பணக்காரன்னா சும்மாவா?"

"எப்பப் போனாரோ தெரியல. வாடை கெளம்பிடுச்சு பாரு. வெளிச்சத்துலயே எடுத்துடணும்."

நயினாருக்கு மனசு இளகியது. "எவனோ நம்மாட்டம் மண்டிக்காரன்தான் போல. தராசுல வெரல வெச்சவனுக்கு இவ்ளோ கூட்டமா! குடுத்து வெச்சவன்டா" என்று முணுமுணுத்தார்.

கோட்டைச் சாலைக்கு நேராகப் போக வேண்டிய இடத்தில் தனகோட்டி குறுக்கே வந்து வேன் மேல் ஓங்கித் தட்டினார்.

"டேய், ஊட்டுக்கு உடாம நேரா எங்கடா கொண்டுபோற? பொண்டாட்டி புள்ள மொகத்தப் பாக்க வேணாமா? திருப்புடா!"

வாயைத் திறக்க முடியாத துரைக்கண்ணு ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

வேன் ஆடி ஆடி ஒரு தெருவுக்குள் நுழைந்து நின்றது. மேளம் உச்சத்துக்குப் போனது. அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

"ஐயோ, என்ன உட்டுட்டுப் போயிட்டீங்களே!"

அது விஜயாவின் குரல். இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் திட்டி அவர் கேட்டிருக்கிறார், அழுது கேட்டதே இல்லை. வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறி, வாழையிலைக் கட்டை உதறித் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து குதித்தார்.

"விஜயா! இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா ஆச்சு?"

அதே நேரத்தில் மேளச் சத்தத்தில் தூக்கம் கலைந்த பாவாடை, வேட்டியோடு எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறித்தான்.

ஒரு பிணத்துக்கு இரண்டு பிணம் எழுந்துகொண்டால் ஊர் என்ன செய்யும்? மேளக்காரர்கள் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். எடுத்துடணும், எடுத்துடணும் என்று அவசரப்பட்டவர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்கள். தனகோட்டி சாக்கடையைத் தாண்டப் பார்த்து அதற்குள்ளேயே இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள், ஆறுதல் சொல்ல வந்தவள், விஜயாவை விட்டுவிட்டுத் தூணைக் கட்டிக்கொண்டாள்.

விஜயா மட்டும் ஓடவில்லை. வந்து கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்துவிட்டது.

"உசுரோடதான் இருக்கீங்களா? உசுரோட இருந்துக்கினு இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"நைனா!" என்று சந்தனா ஓடி வந்து அவர் தோளில் விழுந்தாள். கண்ணில் மை கரைந்து கன்னமெல்லாம் வழிந்திருந்தது, தலை கலைந்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தது அப்படித்தான்.

அவர்கள் வாசலில்தான் நின்றிருந்தார்கள். பிள்ளையின் அப்பா தர்மநாத நயினார், அவர் மனைவி, பிள்ளை சந்திரப்பிரபு. பஸ்ஸில் வந்து இறங்கி, பலகாரமும் சாப்பிடாமல், வீட்டுக்காரருக்காகக் காத்திருந்து, கடைசியில் அவர் சாவுக்கே துக்கம் கேட்கும்படி ஆகிவிட்ட மனுஷர்கள். பையன் மூக்கும் முழியுமாக நன்றாகத்தான் இருந்தான். அவன் கண் சந்தனாவை விட்டு நகரவில்லை. நயினாருக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது.

அப்போது பார்த்துக் காற்று திரும்பியது.

தர்மநாத நயினார் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார். பூ உதிர்ந்த படகைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"ஏங்க... இது... மீன் படகுங்களா?"

முடிந்தது என்று நினைத்தார் நயினார். மானம் போனது போனதுதான், இனி எதை மறைத்து என்ன? வாசலில் நின்றபடியே கையைக் கூப்பினார்.

"சம்பந்தி, உங்க கால்ல உழறேன், என்ன நம்புங்க. எங்க பரம்பரையிலயே மீன் வாடை பட்டது கெடையாது. நான் கருவாட்டு யாவாரத்துல எறங்கல. வழியில நிறுத்திக் கட்டிட்டாங்க. எவனோ ஒரு ஆபீசர் கேட்டானாம். இந்த நாத்தத்த நான் ஊதுவத்தி வெச்சேன், பூவப் போட்டேன், உங்களுக்கு வாங்குன வேட்டியப் போத்தினேன், போவல!"

"பரவால்லங்க... உடுங்க..." என்றார் தர்மநாத நயினார். அவர் மனைவி தரையைப் பார்த்தாள். சந்திரப்பிரபு மெதுவாக ஓரடி பின்னால் வைத்துத் தூணுக்குப் பின்னால் போனான்.

அருவருப்பில் ஒதுங்குகிறார்கள் என்று நயினாருக்கு வயிறு எரிந்தது. கலெக்டரோ எவனோ என்ற பயம்கூடப் போய், எரிச்சலெல்லாம் அந்தப் பெயர் தெரியாத ஆபீசர் மேல் திரும்பியது.

"எப்படிப் பரவால்லங்க? செட்டிகுளத்துல படகு உட்டு மீன்தான் புடிக்கப் போறானோ இன்னாவோ அந்தப் படுபாவி! வாயில்லா சீவனப் புடிச்சுப் பொழைக்கறதும் ஒரு பொழப்பா? அவனப் பெத்தவங்க இத எப்படி வெளிய சொல்லுவாங்க? அப்படிப்பட்டவனுக்கு நம்ம ஜனத்துல எவனாவது பொண்ணு குடுப்பானா? நீங்களே சொல்லுங்க சம்பந்தி, நீங்க குடுப்பீங்களா?"

தர்மநாத நயினாருக்கு இருமல் வந்தது. இருமி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. "சர்க்கார் உத்தியோகம்னா... எங்க போடறானோ அங்கதான போவணும்..." என்று தரையிடம் சொன்னார்.

"இந்தப் பேச்செல்லாம் அப்பறம் வெச்சுக்கலாம். பொழுது சாஞ்சுக்கினு இருக்குது. எல்லாரும் உள்ள வாங்க, எல போடறேன்" என்றாள் விஜயா. உயிரோடிருக்கிற கணவனைப் பார்த்த சந்தோஷத்தில் அவளுக்கு மீன் வாடைகூடத் தெரியவில்லை.

படகிலிருந்து பாவாடை கீழே குதித்தான். தலையில் ஒட்டியிருந்த மல்லிகையைத் தட்டிவிட்டான். டவாலியை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு, இடம் தெரியாமல் சுற்றுமுற்றும் விழித்தவன், தூணுக்குப் பின்னால் யாரையோ பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாக ஓடிப் போனான். விறைப்பாக நின்று ஒரு சலாம் வைத்தான்.

"ஐயா, நீங்க இங்கதான் இருக்கீங்களா! நீங்க கேட்ட படகு வந்துடுச்சுங்க, மீன்குஞ்சுதான் நாளைக்கு வருதாம்!"